மூன்றாம் மாடியின் முறை

எங்கள் ஹோட்டலுக்கு சாப்ட்வேர் வாங்கலாம் என்று முடிவான அன்று, அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத இரண்டு பேர் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். எல்லாம் தெரிந்த என்னிடம் டீ சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். இருபத்திரண்டு வருஷமாக நான் இவர்களுக்கு டீ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். டீ ஆறிப்போவதைத் தவிர வேறொன்றும் நடந்ததில்லை.

இரண்டு பேரும் அண்ணன் தம்பி. பெரியவர், சின்னவர் என்று சொல்வோம். பெரியவருக்கு மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும். அதை வீடெல்லாம் தேடுவார். சின்னவர் ஒருமுறை வெளிநாட்டில் மூன்று நாள் ஹோட்டல் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர். அந்த மூன்று நாளை வைத்துக்கொண்டு பதினொரு வருஷமாக ஓட்டுகிறார். மூன்றாவதாக ஒரு தங்கையும் உண்டு. அவளும் முதலாளிதான், ஆனால் யாரும் அவளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாற்பத்துமூன்று வயதிலும் அவளுக்குப் பெயர் பாப்பா.

இவர்களுடைய அப்பா சாகும் முன் ஒரு காரியம் செய்தார். ஹோட்டலை மாடி மாடியாகப் பிரித்து எழுதிவைத்தார். முதல் மாடி பெரியவருக்கு, இரண்டாவது சின்னவருக்கு, மூன்றாவது பாப்பாவுக்கு. மாடிக்குப் பதினான்கு அறைகள். கீழே வரவேற்பும் சாப்பாட்டுக் கூடமும் பொது. எந்த மாடியில் ஆள் தங்குகிறாரோ அந்த மாடிக்காரருக்கு வரும்படி. சொத்தைக் குறுக்கே பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், நீளவாக்கில் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தரத்தில் பிரித்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருத்தர்தான்.

வாசலில் வந்து நிற்கிற மனிதருக்கு இந்தக் கூத்தெல்லாம் தெரியாது. அவருக்கு வேண்டியது ஒரு கட்டில், ஒழுகாத குழாய். எந்த மாடிச் சாவியை எடுத்து அவர் கையில் வைப்பது என்பது என் வேலை. ரிசப்ஷன் மேனேஜர் என்று என் சட்டையில் குத்தியிருக்கும். அதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். முதலில் வருகிறவர் முதல் மாடி, அடுத்தவர் இரண்டாவது, அதற்கடுத்தவர் மூன்றாவது, மறுபடியும் முதல் மாடி. ரிஜிஸ்டரில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பென்சிலில் குறி போடுவேன். ஏதோ காரணத்தால் ஒரு மாடியின் முறை தவறினால், அடுத்து வருகிறவரை அந்த மாடிக்கு அனுப்பி அன்றைக்கே நேர் செய்துவிடுவேன். தராசு முள் போல நின்றேன் என்று நானே சொல்லிக்கொள்வேன். வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

அந்த வருஷம் மூன்றாம் மாடிக்குக் கெட்ட காலம். அதற்கு வரும்படி என்றைக்குமே குறைவுதான். அந்த வருஷம்தான் பாப்பாவால் சமாளிக்க முடியாமல் போயிற்று. குளியலறைகளெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. கல்யாணம் முறிந்து வந்த நாளிலிருந்து அவள் அதே மாடியின் கடைசி அறையில்தான் இருக்கிறாள். அவளுக்கு வீடும் அதுதான், பிழைப்பும் அதுதான். பெரியவர் தங்கை மேல் பாசம் பொங்கி, "மேல் மாடிய என் பேருக்கு எழுதிக் குடுத்துடு பாப்பா. உனக்கு ஒரு தொகை தரேன். எங்கயாவது நிம்மதியா ஒரு வீடு பார்த்துக்க. அந்த மாடி ராசி இல்லாத மாடி" என்றார். மாதக் கடைசியில் கையெழுத்து என்று பேச்சு. பாப்பா சரி என்று தலையாட்டிவிட்டாள். அவள் எப்போதும் தலையாட்டுகிறவள்தான்.

இதற்கு நடுவில்தான் சாப்ட்வேர். காரணம் சின்னவர். ஐந்து வெப்சைட்டில் ஹோட்டலைச் சேர்த்துவிட்டு, எதில் எந்த அறை போயிற்று என்று மறந்துபோவார். ஒரே அறைக்கு இரண்டு குடும்பங்கள் பெட்டியோடு வந்து என் மேசை முன்னால் நின்று கத்தின. மூன்றாவது தடவை அது நடந்தபோது சின்னவர், "நம்ம சிஸ்டம் சரியில்ல மேனேஜரம்மா" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சாப்ட்வேர் விற்க முதலில் வந்தவன் கோட்டு போட்டிருந்தான். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் காலைச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினான். அவன் காட்டிய ஹோட்டலில் இருநூறு அறைகள், நீச்சல்குளம், படகு. எங்கள் ஹோட்டலில் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான் நீச்சல்குளத்துக்குக் கிட்டத்தில் வரும். வட்ட வட்டமாக, கலர் கலராக என்னென்னவோ சுற்றியது. சின்னவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"இதுல என் மாடி தனியா தெரியுமா?" என்றார் பெரியவர்.

"பண்ணிடலாம் சார்."

"வெப்சைட்டு அஞ்சும் இதுல வந்துருமா?"

"பண்ணிடலாம் சார்."

"முறை வச்சு ரூம் குடுக்கிறது?" என்று நான் கேட்டேன்.

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பண்ணிடலாம் மேடம்" என்றான். அவனுக்கு அன்றே பண்ணிடலாம் என்று பெயர் வைத்துவிட்டேன். மாடு கன்று போடுமா என்று கேட்டிருந்தால் அதையும் பண்ணிடலாம் என்றிருப்பான்.

அவன் கிளம்பும்போது பெரியவர் அவனை லிப்ட் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார். என் மேசைக்கும் லிப்ட்டுக்கும் நாலு எட்டுதான் தூரம். "ரூம் தேடறப்ப முதல் மாடி முதல்ல காட்டற மாதிரி வச்சிருங்க தம்பி" என்றார். பண்ணிடலாம் என்றான். பெரியவர் போன பிறகு சின்னவர் வந்தார். "ரெண்டாவது மாடி எல்லாத்துக்கும் மேல வரணும். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்." அதற்கும் பண்ணிடலாம். ஒரு வாயால் இரண்டு பேரையும் திருப்தி செய்தவனைப் பார்த்து எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது. அன்று மாலையே இதைப் பாப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். "நான்தான் எதுவும் கேக்காம விட்டுட்டேன் போல" என்றாள்.

இரண்டாவது கம்பெனிக்காரி நேரில் வரவில்லை. கம்ப்யூட்டர் வழியாக வந்தாள். "என் ஸ்க்ரீன் தெரியுதா?" என்று கேட்டாள். தெரியுது என்றோம். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் "தெரியுதா?" பிறகு லைன் அறுந்து அவள் முகம் கண்ணை மூடிய நிலையில் அப்படியே நின்றுவிட்டது. பெரியவர் அதைக் கவனிக்காமல் நாலு நிமிஷம் அந்த முகத்திடம் ஹோட்டலின் வரலாறு சொன்னார். அந்தப் பெண் நல்லா காது கொடுத்துக் கேக்குது என்று பாராட்டு வேறு.

மூன்றாவது ஆள் நடந்து வந்தான். தோளில் பட்டை பிய்ந்த ஒரு பை, குதிகால் தேய்ந்த செருப்பு. நான் செருப்பைப் பார்த்துத்தான் ஆளை எடை போடுவேன், ஹோட்டல் வேலையில் அது பழகிவிடும். தண்ணீர் கேட்டான். குடித்தான். முதலாளிகள் கூடத்தில் காத்திருக்கிறார்கள் என்றேன். "இருக்கட்டும் மேடம், முதல்ல உங்க மேசைல கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கலாமா?" என்றான். காலை முழுவதும் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். யார் வருகிறார்கள், நான் எந்தச் சாவி எடுக்கிறேன், பென்சில் எது என்று பார்த்தான். துணி மாற்றுகிற பெண்களிடம் மாடிக்கு எத்தனை போர்வை என்று கேட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது. கண்காட்சி பார்க்க வந்தவன் போல இருந்தான்.

"இந்த முறை வைக்கிறீங்களே மேடம், அது ஆள் கணக்கா, இல்ல தங்கற நாள் கணக்கா?" என்றான்.

"ஆள் கணக்குதான். வேற எப்படி வைப்பாங்க?"

அவன் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டான். கேட்கிற கேள்வியைப் பார் என்று நினைத்தேன். நான் பென்சில் பிடித்து முறை போட ஆரம்பித்தபோது இவன் பள்ளிக்கூடத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்திருப்பான்.

பிறகு முதலாளிகள் முன்னால் போய் நின்றான். பெரியவர் கேட்டதில் பாதிக்கு, "அது முடியாது சார்" என்றான். சின்னவர் கேட்டதில் முக்காலுக்கு முடியாது. "பின்ன என்னதான்யா முடியும்?" என்று பெரியவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். "ஒரே ரூம ரெண்டு பேருக்கு விக்காம பாத்துக்கும் சார். எந்த ரூம் எத்தனை நாள் ஓடுச்சு, எத்தனை நாள் காலியா கிடந்துச்சுன்னு சொல்லும். அவ்வளவுதான்" என்றான். கூடவே, ஒரு மாதத்துக்கு இலவசமாகப் போட்டுத் தருகிறேன், உங்கள் பழைய ரிஜிஸ்டரை அதில் ஏற்றிப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிடுகிறேன் என்றான். அவன் போனதும் அண்ணனும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விற்க வந்தவன் முடியாது என்று சொல்லி இவர்கள் பார்த்ததே இல்லை. நானும் சிரித்தேன்.

பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. "ரிஜிஸ்டர நான் ஏத்தறேன்" என்றாள்.

"உனக்கு எதுக்குப் பாப்பா இந்த வேலை? நீ இந்த மாசத்தோட..." என்று பெரியவர் இழுத்தார்.

"இந்த மாசம் வரைக்கும் இருக்கேன்ல. சும்மாதான இருக்கேன்."

பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். கோட்டுக்காரனோடு கையெழுத்துப் போட நாளே குறித்தாயிற்று. அவளுடைய வேலை எதற்கும் ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வருஷத்து ரிஜிஸ்டரை நானே தூக்கிக்கொண்டு போய் ஆபீஸ் அறை மேசையில் வைத்தேன். நாலு கனத்த நோட்டுகள். "அடித்தல் திருத்தல் ஒண்ணு இருக்காது. இருந்தா சொல்லு" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அந்த மூன்றாவது ஆள் போட்டுக் கொடுத்த சாப்ட்வேரில் அவள் மூன்று வாரம் உட்கார்ந்து அடித்தாள். அறை எண், வந்த நாள், போன நாள், என் பென்சில் குறி. ஒரு நாளைக்கு நூற்றைம்பது வரி. முதல் வாரம் பேசிக்கொண்டே செய்தாள். என் கையெழுத்து அழகு என்றாள். இரண்டாவது வாரத்தில் பேச்சு குறைந்தது. முதுகு வலிக்கிறது போல என்று நினைத்து டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அக்கா, பாலம் கட்ட வந்தாங்களே இன்ஜினியருங்க, நாலு பேர். இருபத்தாறு நாள் இருந்தாங்க. அன்னிக்கு யார் முறை?"

நோட்டைப் பார்த்தேன். "உன் முறைதான். லக்கேஜ் நிறைய இருந்துச்சு, கீழ இருந்தா சௌகரியம்னு முதல் மாடில போட்டேன். அடுத்து வந்தவங்கள உனக்குக் குடுத்து நேர் பண்ணிட்டேன், பாரு, நாலு நீலக் குறி."

"அந்த நாலு பேர் எத்தனை நாள் இருந்தாங்க?"

"ஒரு ராத்திரி. பஸ் தவறிப்போய் வந்தவங்க."

"அப்ப எனக்கு நாலு நாள். பெரியண்ணனுக்கு நூத்திநாலு நாள்."

"முறை முறைதானே பாப்பா. நாலுக்கு நாலு" என்றேன். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு வருஷம் கழித்து என் குறியைக் குறுக்கு விசாரணை செய்கிறாளே என்று. அவள் சரி என்று தலையாட்டினாள். நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கையெழுத்து நாள் வந்தது. ஒரே நாளில் இரண்டு காகிதம்: கோட்டுக்காரனின் ஒப்பந்தம், பாப்பா மாடியை எழுதிக்கொடுக்கிற பத்திரம். பெரியவருக்குச் சிக்கனம், ஒரே டீச் செலவில் இரண்டு காரியம். பண்ணிடலாம் அதே கோட்டில், கையில் பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் சுவரோரம் நின்றேன்.

பாப்பா ஒற்றைக் காகிதத்தை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். கலர் இல்லை, வட்டம் இல்லை. மூன்றே வரி.

"இது என்ன?" என்றார் பெரியவர்.

"போன வருஷக் கணக்கு. மேனேஜரக்கா முறைப்படி குடுத்தது. உங்க மாடிக்குத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு தடவை. சின்னண்ணன் மாடிக்கும் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. எனக்குத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொண்ணு."

பார்த்தீர்களா என்பது போல நான் நிமிர்ந்து நின்றேன். மனுஷியால் இதைவிட நேராக நடக்க முடியுமா? அந்த ஒன்றுகூட வருஷக் கடைசி நாளில் அடுத்த ஆள் வராததால் நின்றுபோன ஒன்று.

"பக்கத்துல இருக்கிறது ஆள் தங்கின ராத்திரி" என்றாள் பாப்பா. "உங்களுக்கு மூவாயிரத்து எழுநூத்தி ஆறு. சின்னண்ணனுக்கு மூவாயிரத்து அறுபது. எனக்கு ஆயிரத்து நானூத்தித் தொண்ணூத்தி மூணு."

சின்னவர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, தன்னுடையது அண்ணனுடையதைவிட எவ்வளவு குறைவு என்று மனதில் கழித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அது அப்படியே தெரிந்தது.

"நீ குடியிருக்கிற ரூமும் அதுல ஒண்ணு, அதனால குறையும்" என்றார் பெரியவர்.

"அதக் கழிச்சுட்டுப் பாத்தாலும் பாதிகூட வரல."

"மேல் மாடி சூடு பாப்பா. ஜனங்களுக்குப் பிடிக்கல."

"சூடுன்னு ஒருத்தர்கூட புகார் எழுதல. நாலு நோட்டும் படிச்சேன். சூடுன்னு சொன்னது நீங்க மட்டும்தான்." குரலை உயர்த்தவே இல்லை. பிறகு கோட்டுக்காரனைப் பார்த்தாள். "உங்களோடதுல இந்த மூணு வரி எடுத்துக் காட்ட முடியுமா?"

"பண்ணிடலாம் மேடம்."

"இப்ப?"

"கையெழுத்துக்கு அப்புறம் மேடம்."

"பெரியண்ணன் மாடி முதல்ல வரணும்னு கேட்டாரு, சின்னண்ணன் தன் மாடி முதல்ல வரணும்னு கேட்டாரு. ரெண்டையும் எப்படிப் பண்ணுவீங்க?"

பண்ணிடலாம் முதல்முறையாக ஒன்றும் பண்ண முடியாமல் பேனாவை மூடினான். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு நாளாக இருந்தால் அந்தக் காட்சியை வைத்து ஒரு மாதம் சிரித்திருப்பேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயிரத்து நானூற்றித் தொண்ணூற்று மூன்று என்ற எண்ணிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

பெரியவர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "மேனேஜரம்மாதான் ரூம் குடுத்தாங்க. அவங்களக் கேளு. நான் ஒரு வார்த்தை சொல்லிருப்பேனா?"

சொல்லியிருந்தார். ஆனால் உத்தரவாகச் சொல்லவில்லை. காலையில் என் மேசையில் முழங்கையை ஊன்றிச் சிரித்துக்கொண்டே, "நாள் கணக்கா தங்கறவங்கன்னா கீழயே போட்டுடுங்க மேனேஜரம்மா, பாவம் அவங்க ஏன் ஏறி இறங்கணும்" என்பார். நானும் அதை ஞாயம் என்று எடுத்துக்கொண்டேன். ஆறு பேர் ஏறக்கூடிய லிப்ட் என் கண் முன்னால் மூன்றாம் மாடி வரை போய் வந்துகொண்டிருந்தபோதும் ஞாயம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சின்னவர் வேறு மாதிரி. தன் மாடி காலியாக இருந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார், இரண்டு நாள் பேசமாட்டார். அந்த முகத்தைப் பார்க்கச் சகியாமல் ஒரு வாரக்காரர், பத்து நாள்காரர் என்று தள்ளிவிடுவேன். பாப்பா ஒருநாளும் என் மேசைப் பக்கம் வந்து நின்றதில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஊர் சொல்கிறது. அந்தப் பாலை ஊற்றியவள் நான். ஊற்றிவிட்டு, மூன்று டம்ளர், மூன்று தடவை, சரியாகப் போயிற்று என்று குறி போட்டிருக்கிறேன். எந்த டம்ளரில் எவ்வளவு என்று ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

"நான் வேணும்னு செய்யல பாப்பா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் அந்தக் குரலில்தான் பேசுவார்கள். என் மேசையில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், ஒருவரையும் நம்பியதில்லை.

பாப்பா பத்திரத்தை எடுத்து நாலாக மடித்து அண்ணன் பக்கம் தள்ளினாள். "என் மாடி ராசி இல்லாத மாடி இல்லண்ணே. நான் குடுக்கல. இந்த மூணு வரி எடுத்துக் குடுத்தது அந்த முடியாதுன்னு சொன்னவரோட சாப்ட்வேர்தான், அவரையே வரச் சொல்லுங்க. அதையே போட்டுக்கலாம். இனி ராத்திரிக் கணக்குலதான் முறை. யார் மாடி பின்தங்கி இருக்கோ, நாள் கணக்கா தங்கறவங்க அந்த மாடிக்குப் போகணும்."

பெரியவர் கத்தினார். குடும்ப மானம், அப்பா ஆத்மா, பெண் புத்தி என்று வாய்க்கு வந்ததெல்லாம் வந்தது. சின்னவர் ஆச்சரியமாகத் தங்கை பக்கம் சாய்ந்துவிட்டார். நியாயத்துக்காக இல்லை. அறுநூற்றுச் சொச்சம் ராத்திரி அண்ணனிடம் தோற்றிருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டுக்கு ஒன்று என்று ஆனதும் பெரியவர் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். கோட்டுக்காரன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப்போயிருந்தான். அவன் டீ தொடப்படாமல் ஆடை கட்டியிருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்ததும் மூன்றாம் மாடிக்குப் போனேன். வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் அந்த மாடிக்கு நான் பத்துத் தடவை போயிருந்தால் அதிகம். நடையில் பதின்மூன்று கதவுகள் வரிசையாகச் சாத்தியிருந்தன. இரண்டின் அடியில் மட்டும் வெளிச்சம். கடைசி அறை திறந்திருந்தது. உள்ளே பாப்பா தரையில் உட்கார்ந்து அட்டைப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றி, போர்வைகளைக் கட்டி, பாதி சாமானை ஏற்கெனவே மூட்டை கட்டியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. ஹோட்டலில் எந்த அறையில் யார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன் என்று பீற்றிக்கொள்கிற எனக்குத் தெரியாது.

"என்னைத் திட்டிடு பாப்பா" என்றேன்.

"எதுக்குக்கா?" ஒரு டம்ளரைக் காகிதத்திலிருந்து உரித்து எடுத்து அலமாரியில் வைத்தாள். "அண்ணனுங்க மேலயும் எனக்குக் கோபம் இல்ல. அவங்க கேட்டாங்க, வாங்கிக்கிட்டாங்க. நானும் கேட்டிருக்கலாம். தினம் உங்க மேசைல வந்து நின்னு, எனக்குக் குடுங்க எனக்குக் குடுங்கன்னு நானும் கேட்டிருப்பேன்."

"ஏன் கேக்கல?"

"நீங்க இருக்கீங்கன்னுதான் கேக்கல."

என் வாய் இந்த ஹோட்டலில் பேர்போனது. தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வந்த போலீஸ்காரரைக்கூட ஒரே வரியில் உட்காரவைத்த வாய். அதைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"நாளையிலிருந்து எந்த ரூம்னு நான் பாத்துச் சொல்றேன்" என்றாள், அடுத்த டம்ளரை உரித்துக்கொண்டே. "நீங்க சாவி எடுத்துக் குடுத்தா போதும்."

சரி என்று தலையாட்டினேன். போய் உதவி செய்யவா என்று கேட்க நினைத்தேன். அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தோன்றியது. நடையில் பாதி தூரம் வந்திருப்பேன்.

"லிப்ட் பக்கத்து லைட்ட அணைக்காமப் போங்க அக்கா, யாராவது வருவாங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

அப்போதும் அவள் அக்கா என்றுதான் சொன்னாள். மேனேஜரம்மா என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.